கண்ணாடி முன் நின்று அண்ணன் பேசியது

அய்யா உண்டு. எங்கள் அண்ணன் வைகுண்டப் பதவி அடைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றாருக்கும் நட்பினருக்கும் தங்கையின் வணக்கம். "விடாமுயற்சியால் உயர்ந்த உத்தமர் என்று எழுது" என்றார் சித்தப்பா. "எல்லாம் அய்யா அருள் என்று எழுது" என்றார்கள் அம்மா. எனக்கு இரண்டும் முழுதாகச் சரியென்று படவில்லை. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். என் குழப்பத்தைப் பொறுத்தருள்க.

அண்ணன் பிறந்தது அஞ்சுகிராமத்துக்கு மேற்கே, வாழைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில். பேச்சு வந்தபோதே திக்குவாயும் கூடவே வந்ததாம். பள்ளியில் பாடம் ஒப்பிக்க எழுந்தால், அவர் முட்டி நிற்கும் சொல்லை வகுப்பே சேர்ந்து சொல்லி முடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார். அப்பா காலமான பின் தோட்டமும் நாங்களும் அவர் தோளில் விழுந்தோம். சந்தையில் அவர் குலைக்கு விலை சொல்லி முடிப்பதற்குள், வியாபாரி தன் விலையைச் சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எனக்கு ஆத்திரம் பொங்கும். அண்ணன் சிரிப்பார்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டில் அய்யாவைக் கும்பிடும் எங்கள் நிழல் தாங்கலில், அவர் வரலாற்றைப் பாடும் ஏடு வாசிப்பு நடந்தது. ஏட்டைப் பாடுகிறவரே பாடியதற்கு விளக்கமும் சொல்ல வேண்டும். அண்ணனுக்குப் பாட்டென்றால் தட்டாமல் வரும், பேச்சுத்தான் வராது. கேட்டுவிட்டு வந்தவர் அடுக்களை வாசலில் நின்று, "ஏட்டி, நானும் ஒருநா வெளக்கம் சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் முடிவதற்குள் நான் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டேன்.

மறுநாள் விடியலிலேயே தொடங்கிவிட்டார். தாங்கலில் வாசிக்கிறவர் தலைப்பாகையோடு இருக்க வேண்டும் என்பதால் இவரும் தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமம் இட்டு, முன்வாசல் சுவரில் மாட்டிய கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே விளக்கம் சொன்னார். ஒரு சொல் முட்டினால் அதை விட்டு வேறு சொல்லுக்குத் தாவ மாட்டார், அதனோடேயே மல்லுக்கட்டுவார். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்து, "நேத்தைக்குக் கொள்ளாம், இன்னைக்கு அதவிடக் கொள்ளாம்" என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வார். முந்தின நாளைவிட மோசமாக இருந்த நாளிலும் இதையேதான் சொல்வார்.

"அண்ணே, தெனமும் இதேதானா? மடுக்கலியா?" என்று ஒருமுறை கேட்டேன். சலிப்பைத்தான் மடுப்பு என்போம்.

"ம... மடுக்காம இருக்குமா? மடுப்பு எழும்புகதுக்கு முன்ன நான் எழும்பீருகேன்" என்றார்.

இதற்குள் வேறொன்று முளைத்தது. எங்கள் தாங்கல்களில் கண்ணாடி முன் நின்றுதான் கும்பிடுவோம். அருள் வந்தவர்கள் வரப்போவதை உரைப்பதைக் கணி சொல்வது என்போம். அதுவும் உடம்பு நடுங்க, விட்டு விட்டுத்தான் வரும். தலைப்பாகை, கண்ணாடி, உதறுகிற உதடு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

முதலில் வந்தது அண்ணி முறையான மேலவீட்டு மைனி. அண்ணனைத் தூக்கி வளர்த்தவள், அன்று கைகூப்பி நின்றாள். "அய்யா, எனக்க எருமய நேத்தையில இருந்து காணல்ல. திரும்பி வருமா?"

தனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் அண்ணன் பார்த்தார். முதல் எழுத்திலேயே முட்டி, கண் செருகி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மைனி கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் எருமை தானாக வந்து தொழுவத்தில் நின்றது.

கேட்க வேண்டுமா? அடுத்த வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மகளுக்கு வரன் அமையுமா, கிணற்றில் ஊற்று வருமா என்று கேட்டு வந்தார்கள். அண்ணன் மறுக்க மறுக்கத் திக்கல் கூடியது. திக்கல் கூடக் கூட அவர்கள் நம்பிக்கையும் கூடியது. அம்மா கண்ணாடிக்கு விளக்கேற்றிவிட்டார்கள். நான் சிரிப்பதா அழுவதா? ஒருவர் எதை விட்டொழிக்கப் பாடுபடுகிறாரோ அதையே ஊர் கும்பிட்டால், அவருக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் வந்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாழைகளுக்குள் போய்விட்டார்.

தாங்கலில் பணிவிடை செய்யும் பெரியவர் ஒருநாள், "வாசிப்ப மத்தவங்க பாத்துக்கிடுவாங்க மக்கா, நீ கணி மட்டும் சொன்னா போதும்" என்றார்.

"எ... எனக்கு அருளெல்லாம் இல்ல. இது தி... திக்குவாயாக்கும்" என்றார் அண்ணன்.

"பாத்தியளா, என்ன ஒரு தாழ்மை!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

ஆண்டுகள் ஓடின. நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று ஊரே வாய் ஓயாமல் பேசிய காலத்தில்தான் அண்ணனுக்கும் ஒருநாள் வாசிப்பு கிடைத்தது. இடையில் கணியும் சொல்வார் என்று வெளியூர்க் கூட்டம் வேறு. அவர் பாடினார். பிறகு விளக்கம் சொன்னார். ஒரு சொல் தட்டவில்லை. கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. "அருளு போயிட்டு போல" என்று யாரோ சொல்ல, எழுந்து கலைந்தது. அம்மா தூணில் சாய்ந்து அழுதார்கள். மகன் முதன்முதலாகத் திருத்தமாகப் பேசிய நாளில் பெற்றவள் அழுதது எதற்கென்று கேட்க எனக்குத் துணிவில்லை. மீதமிருந்த சிலருக்கு அண்ணன் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

அடுத்த மாதமே விஷக்காய்ச்சல். அருள் போனதால் வந்தது என்றார்கள் அம்மா. நான் சண்டை போட்டேன். பயன் என்ன?

கட்டிலோடு தூக்கி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே கைவிரித்ததும் திரும்பச் சுமந்து வந்த தோட்டத்து ஆட்களுக்கும், நாள் தவறாமல் பால் அனுப்பிய மைனிக்கும், அடக்கத்தின்போது முன்னின்று பணிவிடை செய்த பெரியவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாசிப்பன்று கடைசிவரை இருந்து கேட்டவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இதைப் படித்தால், இந்தத் தங்கை தனியாகக் கும்பிடுவதாக ஏற்றுக்கொள்ளட்டும்.

இனி ஒன்றுதான் பாக்கி. காய்ச்சல் முற்றிய நண்பகலில் அண்ணனுக்குத் திக்கல் திரும்பிவிட்டது. தண்ணீர் கேட்கவே பாடுபட்டார். அம்மா முகம் மலர்ந்தது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தவர்கள் எழுந்து முகம் கழுவி, கட்டிலருகே வந்து கைகூப்பி, பெற்ற மகனிடமே கேட்டார்கள். "அய்யா, எம்பிள்ள பொழைப்பானா?"

ஒருவருக்கும் ஒருநாளும் கணி சொல்லாத அண்ணன், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொழைப்பான்" என்றார், தட்டாமல்.

அம்மாவுக்காகச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அம்மா அடுக்களைக்குப் போய், கஞ்சி ஊற்றிக் குடித்தார்கள்.