காலண்டரில் நிற்கிறவனுக்குப் பெயர் உண்டு

படம் பிடிக்கிறவன் எல்லோர் முகத்தையும் பார்க்கிறான்; அவன் முகத்தை எவனும் பார்ப்பதில்லை. இதுதான் எங்கள் தொழில். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து, நாக்கு வறண்டு வீடு திரும்பிய சக பாவிகளே! இதைப் படித்து நீங்கள் சிரிக்க மாட்டீர்கள், பல்லைக் கடிப்பீர்கள். நன்றாகக் கடியுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், துண்டறிக்கைகளில் படித்தது அதிகம். துண்டறிக்கை என்றால் முதலில் அநியாயங்களை வரிசைப்படுத்த வேண்டும். ஒன்று: கரும்பு வெட்டுக் கூலியை உயர்த்தச் சொல்லி நான் எழுதிய அறிக்கையின் அடியில், எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இரண்டு: அதை எழுதியவன் யார் என்று போலீஸ் கேட்டபோது மட்டும் பெருந்தன்மையாக என் பெயரைச் சொன்னார். மூன்று: நான் ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று, வாசலில் காத்திருந்த மாலை, என்னை அழைத்துப்போக வந்த அவர் கழுத்தில் விழுந்தது. நான்கு: சங்க ஊர்வலங்களைப் படம் எடுத்துப் பழகிய கையோடு வில்லியனூரில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன், நான் எடுத்த படமெல்லாம் முதலாளி பெயரில் வெளிவந்தது. மற்ற மூன்றும் ஒரே தடவை நடந்து முடிந்தவை. நான்காவது மாதாமாதம் நடந்தது.

எப்படியென்றால், அறுபதுகளின் கடைசியில் நகரத்து மாத இதழ் ஒன்று நம் பக்கத்து ஊர்களைப் பற்றி ஒரு பக்கம் ஆரம்பித்தது. மேலே ஒரு படம், கீழே ஊரைப் பற்றி நாலு வரி. இரண்டையும் எங்கள் ஸ்டுடியோ தருவதாக ஏற்பாடு. முதலாளிக்கு சைக்கிள் விடத் தெரியாது. வெயிலும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே ஊருக்கு நான் போனேன், பெயர் அவருக்குப் போனது.

தவளக்குப்பத்துக் காற்று

முதலில் போனது தவளக்குப்பம். கடலூர் சாலையில் எப்போதும் இரைச்சலாக இருக்கும் கூட்டு ரோடு. பஸ் நிற்பதற்கு முன்பே இறங்குகிறவர்களையும், புறப்பட்ட பிறகு ஓடி ஏறுகிறவர்களையும் அங்கேதான் ஒரே சட்டத்துக்குள் பிடிக்க முடியும். மீன் கூடையோடு நின்ற பெண்களை எடுத்தேன். கீழே நான் எழுதிய வரிகள் இவை: "இங்கே பஸ் நிற்கும் இடம் இருக்கிறது, நிழல் இல்லை. கூடையைக் கண்டதும் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார். பெண்கள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அடுத்த பஸ்ஸிலும் ஒரு விசில் இருக்கிறது."

இதழில் வந்தது: "கடல் காற்று தாலாட்டும் எழில் கொஞ்சும் சந்திப்பு." தோழர்களே, நான் என்ன நிலவொளியிலா படம் எடுத்தேன்? மத்தியான வெயிலில் எடுத்தேன். படத்திலே அந்தப் பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. வெட்கம் கெட்டுப்போய் இதழை எடுத்துக்கொண்டு அவர்களிடமே காட்டினேன். படித்துச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கூடையை இறக்காமலே ஒரு பெண் கேட்டாள்:

"தாலாட்டுதாமா? அப்ப அந்தக் காத்தையே எங்கள கடலூருக்கு இட்டுகினு போவச் சொல்லுபா, பஸ்ஸுதான் ஏத்த மாட்டேங்குது."

கிருமாம்பாக்கத்தில் ஒரு கை

கிருமாம்பாக்கத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். களத்து மேட்டில் நின்றால் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வைக்கோல், நடுவே தார் ரோட்டில் பஸ். நல்ல படம். ஆனால் நிலத்துக்காரர் புதிதாக டிராக்டர் வாங்கியிருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது, உட்காரத் தெரியும். வேட்டியை மடித்து ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எடு" என்றார். களத்தில் வேலை செய்தவர்களும் ஆசையாக வந்து பக்கத்தில் நின்றார்கள். எல்லோரையும் சேர்த்துத்தான் எடுத்தேன். கதிர் அடித்தவன் இல்லாமல் களம் ஏது?

நிலத்துக்காரர் மறுநாளே ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பி, தன்னைத் தவிர யாரும் படத்தில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. நெகட்டிவில் வேண்டாத இடத்தில் சிவப்பு மையைத் தடவினால், பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். டச்சிங் செய்கிறவர் பிரஷ்ஷை எடுத்தார். நான் கத்தினேன், முதலாளி என்னை டீ வாங்கி வர அனுப்பினார். திரும்பி வருவதற்குள் அத்தனை பேரும் மூடுபனியாகிவிட்டார்கள். ஆனால் டிராக்டர் சக்கரத்தின் மேல் ஒருவன் வைத்திருந்த கை மட்டும் தப்பியது. சக்கரத்தையும் சேர்த்து அழிக்க முடியாதே! நிலத்துக்காரர் கண்ணாடி போட்டு மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் நின்று கூவினார்:

"எவன் கைடா அது? என் டிராக்டரு மேல கைய வெச்சவன் எவன்டா?"

செல்லிப்பட்டு ஆற்றில்

செல்லிப்பட்டுக்கு விடியற்காலையில் போனேன். சங்கராபரணியில் முழங்கால் அளவு தண்ணீர். கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு, இரண்டு மாடுகளை முன்னே விட்டு, ஒருவர் ஆற்றைக் கடந்து வந்தார். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். நான் எடுத்த படங்களிலேயே அது ஒன்றுதான் படம். கரையேறியதும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கூலி உயர்வு ஊர்வலத்தில் எனக்குப் பக்கத்தில் கொடி பிடித்து வந்தவர். ஊர்வலத்தில் யாரை யார் பெயர் கேட்கிறோம்? எல்லோரும் தோழர்தான்.

பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது அவர் வயலில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி கன்னியம்மா இருந்தாள். பெயர் கேட்டேன். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. "திருப்பதில சாமி எத்தினி மலை மேல குந்திகினு இருக்காரு? அதான் அவரு பேரு. மாமனாரு பேரு வேணும்னா சொல்றேன், தனகோடி" என்றாள். மூடநம்பிக்கையை எதிர்த்துப் பல அறிக்கை எழுதியவன் நான். அவளிடம் என் பாச்சா பலிக்கவில்லை. பிரிண்டின் பின்பக்கம் "தனகோடி மகன் ஏழுமலை, செல்லிப்பட்டு" என்று எழுதிக் காட்டினேன். மூன்றாவது வரை படித்தவள். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு படித்து, சரி என்று தலையாட்டினாள். அதற்குள் ஏழுமலை வந்துவிட்டார். புத்தகத்தில் வரப்போகிறது என்றதும் அவர் கேட்டது இது ஒன்றுதான்:

"எம் பேரப் போட்டுடு தோழரே. மாட்டுக்கெல்லாம் பேரு வெச்சிக் கூப்புடறானுங்க, என்னிய மட்டும் 'டேய்'ன்றானுங்க."

ஆசிரியரின் கத்திரிக்கோல்

பெயர் வரவில்லை. "சங்கராபரணிக் கரையில் ஓர் உழவன்" என்று வந்தது. படம்: ஸ்டுடியோ முதலாளி. என் பெயர் வராதது எனக்குப் பழக்கம். நான் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த பெயர் வராதது பொறுக்கவில்லை. நேரே நகரத்துக்குப் போய் இதழாசிரியரைப் பார்த்தேன். மின்விசிறிக்கு அடியில் இருந்தார். இதழுக்கு அனுப்பிய பிரிண்டின் பின்னாலும் பெயரை எழுதியிருந்தேனே என்றேன். பார்த்தேன் என்றார். பிறகு ஏன் போடவில்லை என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்து, சிறு பிள்ளைக்கு விளக்குவது போல விளக்கினார்:

"பேரு போட்டா அது ஒரு கூலிக்காரன் படம் சார். பேரு இல்லேன்னாத்தான் கலை."

வில்லியனூர் உரக்கடையில்

அந்தக் கலையை முதலாளி அடுத்த வருஷம் வில்லியனூர் உரக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றார். காலண்டராக வந்தது. மேலே ஆறு, மாடு, கலப்பை, ஏழுமலை. கீழே கொட்டை எழுத்தில் கடையின் பெயர், கடைக்காரர் பெயர், அவர் தகப்பனார் பெயர். பெயர் போட்டால் கலை கெட்டுவிடும் என்ற சட்டம் அவர்களுக்கு இல்லை போலும்.

ஒருநாள் ஏழுமலை உரம் வாங்க வந்தார். நானும் கூட இருந்தேன். கடையில் நல்ல கூட்டம். சுவரில் தன்னையே பார்த்துவிட்டார். மெல்ல நகர்ந்து போய், காலண்டருக்கு அடியில், அதே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று நின்றார். நான் வாய் திறக்கப் போனேன், கண்ணாலேயே வேண்டாம் என்றார். மேலேயும் அவர், கீழேயும் அவர். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னார்:

"யோவ், அந்தாண்ட நில்லுய்யா. காலண்டர மறைக்கிற, நாளு தெரியல."

செத்தவனுக்கு ஒரு காப்பி

எழுபதுகளின் நடுவில், மோட்டார் கொட்டகையில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்ட ஏழுமலை அங்கேயே செத்துப்போனார். நான் கொடுத்திருந்த பிரிண்ட் ஒரு வெள்ளத்தில் ஊறி உருத்தெரியாமல் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் காரியத்தன்று படத்திறப்பு வைப்பார்கள். பந்தலில் செத்தவர் படத்தைத் துணியால் மூடிவைத்து, பெரிய மனிதர் ஒருவர் துணியை விலக்கி, பெயரைச் சொல்லி, ஊர் கேட்க நாலு வார்த்தை பேசுவார். அதற்குப் படம் வேண்டும். கன்னியம்மா ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள்.

நெகட்டிவ் உள்ளேதான் இருந்தது. ஒரே ஒரு காப்பி, என் கையால் நானே போடுகிறேன், பேப்பரும் நான் வாங்குகிறேன் என்றேன். கடைக்கு விற்ற படம், மறு காப்பி போடுவது நாணயமில்லை என்றார் முதலாளி. நாணயத்தைப் பற்றி அவர் பேசினார்! அன்றைக்கே அந்த வேலையை விட்டேன். நான் படியிறங்கும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது:

"செத்தவனுக்கு ஒண்ணு போட்டா, உசுரோட இருக்கறவனும் வந்து கேப்பான்யா."

படத்திறப்பு

கன்னியம்மா அழவில்லை. ஊரில் யார் வீட்டிலோ ஆணியில் தொங்கிய அந்தப் பழைய உரக்கடைக் காலண்டரை வாங்கி வந்தாள். கடையின் பெயரையும் தேதியையும் கருக்கரிவாளால் அறுத்துத் தள்ளினாள். மிச்சத்தை அட்டையில் ஒட்டினேன். ஊர்வலத்துக்குத் தட்டி எழுதிய கை என் கை, அடியில் வெள்ளைப் பெயிண்டால், பந்தலின் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி எழுதினேன்: "தனகோடி மகன் ஏழுமலை, செல்லிப்பட்டு."

திறந்துவைக்கச் சங்கச் செயலாளர் வந்தார். ஆம், அதே செயலாளர்தான். அவர் துணியை விலக்குவதை நான் படம் எடுக்க வேண்டுமாம். எடுத்தேன். கண் மூடிவிட்டது போலிருக்கிறது, இன்னொன்று என்றார். மறுபடி துணியைப் போட்டு, மறுபடி விலக்கினார். பிறகு மாலை போடுவது ஒன்று, கைகூப்புவது ஒன்று. பிலிம் தீர்ந்தது. படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தார். உழவர் என்றார், உழைப்பாளி என்றார், உழைக்கும் வர்க்கம் என்றார். தான் ஜெயிலுக்குப் போன கதையைச் சொன்னார். அது நான் போன ஜெயில். கடைசியில் நன்றி, வணக்கம் என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா எழுந்தாள். "இருய்யா. செத்தது யாருன்னு நீ சொல்லவே இல்லியே?"

"அதாம்மா, நம்ம உழவர்..."

"ஊரே உழவருதான். படத்துல இருக்கறவரு பேரச் சொல்லு."

செயலாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "பேரு இன்னா தோழர்?" நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம் திரும்பினால் போதும், கொட்டை எழுத்தில் இருக்கிறது. திரும்பவில்லை. பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. கன்னியம்மா விறுவிறுவென்று படத்தருகே போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது பெண்களுக்குத்தான் முதலில் புரிந்தது. நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏய், புருசன் பேர நீ சொல்லக்கூடாதுடி. ஆவாதுடி!"

"இனிமே ஆவறதுக்கு இன்னாடி இருக்குது?"

கையை உதறினாள். வெள்ளை எழுத்துகளின் கீழே விரலை வைத்தாள். அன்றைக்கு உதட்டை மூடிக்கொண்டு படித்தவள், மைக் இல்லாமல், ஆற்றின் அக்கரைக்குக் கேட்கிற குரலில், ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தாள்:

"தனகோடி மவன் ஏழுமலை! செல்லிப்பட்டு! எல்லாரும் கேட்டுக்கினீங்களா?"

நான் ஊர் ஊராகப் போய் எடுத்த அத்தனை படங்களிலும் விழாத ஒன்று, பெயரோடு ஒரு மனிதன், அன்றைக்கு என் கண்ணெதிரே முழுசாக விழுந்தது, கேமராவில்தான் பிலிம் இல்லை.