கப்பல் வரும் நாளில் போர்கில்ட்

சுற்றுலாக் கப்பல் ஊதியதும் போர்கில்ட் அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே காலணியை மாட்டிக்கொள்வாள். எங்கள் துறைமுக ஊரான ஓலசுண்டில் வேறு யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். பிறகு சன்னலோரம் நிற்பாள். ஒரு கண் தெருவில், ஒரு கண் கணவன் ஆர்ன்ஃபின் மேல். மாடியில் குடியிருக்கும் நானும் படியிறங்கி வந்து நிற்பேன்.

ஒரு காலத்தில் தீயில் எரிந்துபோனபின், கல்லில் மறுபடி எழுப்பிய ஊர் இது. கூம்புக் கோபுரமும் வாசலுக்கு மேல் செதுக்கிய பூவும் ஆந்தையுமாக வீடுகள். அதையெல்லாம் அண்ணாந்து பார்ப்பது வெளியூர்க்காரர்கள்தான். நாங்கள் மழைக்குத் தலை குனிந்தே நடந்து பழகிவிட்டோம். போன வசந்தத்தில் ஆர்ன்ஃபின், தான் பிறந்த வீட்டின் ஆந்தையை அண்ணாந்து பார்த்து, "அடடா, என்ன அழகு!" என்றான். அவனுக்கு நினைவு தப்புகிறது என்று அன்றைக்கே போர்கில்டுக்குப் புரிந்துவிட்டது.

அதிலிருந்து, வழிகாட்டி குடையை உயர்த்தினால் போதும், கூட்டத்தோடு கிளம்பிவிடுவான்.

"கதவப் பூட்டி வையேன்," என்றேன் ஒருநாள்.

"அவரு என்ன ஆட்டுக்குட்டியா?" என்று சீறினாள்.

நேற்று அவள் அடுப்பை அணைக்கப் போன நேரத்தில் ஆளைக் காணோம். இருவரும் ஓடினோம். "கப்பல்ல ஏறிட்டா எந்த ஊர்ல போய்த் தேடுவேன், ரைடார்?" என்று வழியெல்லாம் என்னிடம் புலம்பினாள். துறைமுகத்தில், ஏறும் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான்.

"நீங்களும் ஊர் பாக்க வந்தீங்களா?" என்று மனைவியைக் கேட்டான்.

அவள் முகம் கோணியது. எனக்கு அழுகை வந்தது. "ஆமாங்க," என்றாள். "எனக்குக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்களேன்."

குஷியாகக் காட்டிக்கொண்டே எங்கள் வாசல் வரை வந்துவிட்டான். அவள் சாவியை எடுத்ததும் பதறினான். "அய்யய்யோ, கூப்பிடாம யார் வீட்டுக்குள்ளயாவது போவாங்களா? வாங்க, கப்பல் கெளம்பிடும்!" என்று துறைமுகம் பக்கம் திரும்பினான். எங்கள் ஊர்க்காரன் எதை மறந்தாலும் இந்த மரியாதையை மறக்கமாட்டான். போர்கில்ட் அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, சாவியை என் கையில் திணித்து, கண்ணால் பின்வாசலைக் காட்டினாள்.

சுற்றி ஓடி உள்ளே போனேன். முன்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தேன்.

"வாங்க, வாங்க. சூடா காப்பி இருக்கு."

போர்கில்ட் ஈரக்கையைக் கோட்டில் துடைத்து, என் முன்னே நீட்டினாள்.

"வணக்கங்க. என் பேரு போர்கில்ட்."