தம்பி கையில் நான் கட்டிய கயிறு

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு ஆடி மாதம், விராலிமலையில் ஆரம்பித்த விஷயம் இது. திருச்சி–மதுரை சாலையில் எனக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. அடுப்பும் டீ பாய்லரும் என் பொறுப்பு. பன், ரொட்டி பாக்கெட்டுகளை வண்டியில் ஏற்றிச் சுற்றுப்பட்ட பெட்டிக்கடைகளுக்குப் போடுவது என் தம்பி. என்னைவிட எட்டு வயது சின்னவன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவன் படிப்பு, கல்யாணம் எல்லாம் நான் பார்த்துச் செய்தது. அதனாலேயோ என்னவோ, அவன் விஷயத்தில் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதாகவே இருந்தது. எனக்கு முன்கோபம் அதிகம். அவனோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன்.

அந்த ஆடியில் அவனுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே ஒரு மந்தமான வலி. ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். பார்த்த டாக்டர், "கல்லீரல்ல கொழுப்பு சேந்திருக்கு. ஃபேட்டி லிவர், ரெண்டாவது நிலை. எடையைக் குறைக்கணும், சீனியைக் குறைக்கணும். ஒரு நல்ல டாக்டரைப் பாத்து வைத்தியத்தை ஆரம்பிங்க" என்றார். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான், கல்லீரல். எங்கள் பக்கம் கல்லீரல் கெட்டது என்றால் குடிகாரன் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

அதற்குத் தோதாக, கடைக்கு வரும் ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "ஒங்க தம்பி வண்டி தெனம் சாயந்தரம் ஒயின்ஷாப் வாசல்ல நிக்கிதே, பாத்துக்குங்க." அந்த ஒயின்ஷாப்பை ஒட்டி இருந்த பெட்டிக்கடைக்கு பன் பாக்கெட் போடச் சொல்லி அவனை அனுப்பியதே நான்தான். கோபத்தில் அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி முன்னாலேயே கத்தினேன். "அண்ணே, நான் குடிச்சதே இல்லண்ணே" என்றான். பளாரென்று ஒரு அறை விட்டேன். முப்பத்து நான்கு வயது ஆளை, பெண்டாட்டி பிள்ளை பார்க்க. அந்தப் பெண் அழுதுகொண்டே, "மாமா, அவுக மேல ஒருநாள்கூட வாடை வந்ததில்ல மாமா" என்றாள். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குடியை நிறுத்த நினைப்பவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்து, கையில் கயிறு கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குளத்தூர்ப் பக்கம் அப்படி ஒரு கோயில் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமையே அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். பூசாரி அவனைப் பார்த்து, "எம்புட்டு வருசமா குடிக்கிறப்பா?" என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக நான் சொன்னேன், "ஒரு ஆறு வருசம் இருக்கும் சாமி." அந்த ஆறு என்ற கணக்கு எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவன் குனிந்து சூடத்தை உள்ளங்கையால் அணைத்தான். இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். சிவப்புக் கயிற்றை வலது கையில் நானே கட்டினேன். ஒரு பெரிய காரியத்தை முடித்த நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

இன்னொரு கூத்தும் செய்தேன். குடியை விட்டவனுக்கு இனிப்பு கொடுத்துக்கொண்டே இருந்தால் குடிக்கிற நினைப்பு வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் அவன் கடைகளுக்குப் பன் போட லைனுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் அல்வாவோ மைசூர்பாகோ கையில் திணித்து அனுப்புவேன். டீயிலும் சீனி தூக்கலாகப் போட்டுக் கொடுப்பேன். இல்லாத குடிக்கு நான் பார்த்த வைத்தியம் அது. அண்ணன் கொடுக்கிறாரே என்று அவனும் சாப்பிட்டான். எடையைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் வார்த்தை ஸ்கேன் கவருக்குள்ளேயே கிடந்தது.

இரண்டு வருடம் ஓடியது. அவன் சீக்கிரம் களைத்துப் போனான். சாயந்தரமானால் கால் வீங்கியது. நாள் முழுக்க வண்டி ஓட்டினால் வீங்காதா என்றேன். ஆனாலும் மனசு கேட்காமல் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்கி, பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பழையதில் இருந்த ஃபேட்டி என்ற வார்த்தை புதியதில் இல்லை. வேறு என்னென்னவோ இரண்டு வரி இருந்தது. அது எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி நான் கவலைப்படவும் இல்லை. டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்று கவுண்டரில் சொன்ன பெண்ணிடம், "கொழுப்பு போயிருச்சும்மா, இனி எதுக்கு டாக்டரு?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். பழைய கயிறு நைந்திருந்ததால் புதுக் கயிறு ஒன்றும் கட்டினேன். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்று லட்டு கொடுத்தேன். தம்பி ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த லட்டைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை, கடையில் ரொட்டி ட்ரேயைத் தூக்கியவன் அப்படியே உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தான். திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு நிறைய நீர். கல்லீரல் டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "குடிப்பாரா?" என்றார். "விட்டுட்டான் சார், ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. கயிறு கட்டியிருக்கோம்" என்றேன். கட்டிலில் கிடந்த தம்பி, கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னான்: "சார், நான் குடிச்சதே இல்ல சார்."

டாக்டர் அவனை நம்பினார். பார்த்துப் பதினைந்து நிமிடமே ஆன அந்த மனிதர் நம்பியதை, அவனைத் தூக்கி வளர்த்த நான் நம்பவில்லை.

"பிறகு கொழுப்பு எப்படி சார் போச்சு?" என்று கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். அதிகமாகிற சீனியும் மாவும் கல்லீரல் செல்லுக்குள் முதலில் சின்னச் சின்னக் கொழுப்புத் துளியாக விழுமாம். நான் தினமும் ட்ரே கழுவுகிற தொட்டியில் பார்த்திருக்கிறேன், எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்து மிதந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிய வட்டமாகிவிடும். அதுபோலத்தான் அங்கேயும். சிறு துளிகள் பெருந்துளியாகி, ஒரே துளி செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அதன் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்த அளவில் விழித்துக்கொண்டால் துளி திரும்பச் சுருங்கிவிடும். விட்டுவிட்டால் சிலருக்குச் செல் வீங்கிச் செத்து, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு முற்ற முற்றக் கொழுப்பு தங்க இடமில்லாமல் அது தானாகவே குறைந்துபோகிறது.

"குணமாகிக் கொழுப்பு போகலைங்க. அதை வச்சிருந்த கல்லீரலே போயிருச்சு" என்றார். நான் தேங்காய் உடைத்தது அதற்குத்தான். எனக்குப் புரியாத அந்த இரண்டு வரி சொன்னதும் அதைத்தான்.

மாற்றுக் கல்லீரல் ஒன்றுதான் வழி என்றார்கள். என்னுடையதில் பாதியை நான் தருகிறேன் என்றேன். ரத்த வகை ஒத்துப்போனது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். ஊசி போட்டு என் கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்த பெண் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க கல்லீரல்லயும் நெறைய கொழுப்பு இருக்கு. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து. நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல மேடம், நான் குடிச்சதே இல்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அது என் தம்பி சொன்ன வார்த்தை. நான் கைநீட்டி அடித்து நிறுத்திய வார்த்தை. டாக்டர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். என்னை யாரும் அறையவில்லை, எந்தக் கோயிலுக்கும் இழுத்துப் போகவில்லை.

அவர் கம்ப்யூட்டரில் என் கல்லீரலைக் காட்டினார். இளஞ்சிவப்பு நிறத்தில், சல்லடை மாதிரி வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கொழுப்புத் துளி இருந்த இடமாம். "உங்களுக்குத் தழும்பு விழலை. வாயைக் கட்டி, நடங்க. ரெண்டு மாசத்துல கொறையலாம்" என்றார். "அதுவரைக்கும் தம்பி தாங்குவானா மேடம்?" என்று கேட்டேன். பாதுகாப்பாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம் என்றார். உறுதி எதுவும் சொல்லவில்லை.

அந்த இரண்டு மாதத்தை என்னால் மறக்க முடியாது. விடிந்ததும் மலையைச் சுற்றி நடப்பேன். மயில்கள் அகவும். அதைக் கேட்டு ரசிக்கிற நிலையில் நான் இல்லை. சீனி இல்லாத டீ, அவர்கள் எழுதிக் கொடுத்த அளவுக்குக் காய்கறியும் பயறும், கைப்பிடிச் சோறு. சுற்றிலும் பன்னும் கேக்கும் மணக்கும் கடைக்குள் வயிறு காந்த நிற்பேன். பசித்தால் அவனை நினைத்துக்கொள்வேன். வாரத்துக்கொரு முறை அவன் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். முகம் எலும்பாகிவிட்டது. அவன் பெண் பிள்ளை ஆறாம் வகுப்பு படித்தாள். தினமும் கடைக்கு வந்து, "பெரியப்பா, இன்னைக்கு எத்தனை கிலோ?" என்று கேட்பாள். என் எடை இறங்க இறங்கத் தன் அப்பா பிழைப்பார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் எடை இறங்கவில்லை. அவளிடம் பொய் சொன்னேன். அன்று மாலையும் போய் மலையைச் சுற்றினேன்.

மறுபடி பரிசோதித்தபோது பெரிய வட்டங்கள் அநேகமாகக் காணாமல் போயிருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுப் பொட்டாகச் சில துளிகள் மட்டுமே. "இது போதும்" என்றார் அந்த டாக்டர். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் மேசையிலேயே தலைவைத்து அழுதுவிட்டேன்.

அறுவை சிகிச்சை அன்று காலை, மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் நர்ஸ் என் அறைக்கு வந்தார். "உங்க தம்பி கையில ஒரு கயிறு இருக்கு. கழட்ட மாட்டேங்கிறார். அண்ணன் கட்டுனது, அவுகதான் அவுக்கணுமாம்" என்றார். போனேன். முடிச்சு இறுகிப்போய் இருந்தது. அவிழ்க்க வரவில்லை. நர்ஸ் கத்தரி கொடுத்தார்.

"ஏண்டா அன்னைக்குச் சத்தியம் பண்ணுன? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டேன்னுதானேண்ணே சொல்லச் சொன்னாக? அது நெசந்தானே" என்றான். பிறகு, "நீங்க அம்புட்டுப் பேரு முன்னால ஆறு வருசம்னு சொல்லிட்டீக. நான் இல்லைன்னு சொன்னா, ஒங்களுக்குல்ல அசிங்கம்" என்றான்.

அந்தக் கயிற்றை நான்தான் வெட்டினேன்.

இருவரும் பிழைத்தோம். அவன் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, கல்லாவில் உட்காருகிறான், தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். உடம்பு தேறியதும் அவனைக் கூட்டிக்கொண்டு அதே கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம், நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சாமி, இவன் ஒருநாளும் குடிச்சதில்ல. நான் சொன்னது பொய்" என்றேன். அவன், "விடுங்கண்ணே" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் என்மேல் ஒருநாளும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் கல்லீரல் மறுபடி வளர்ந்துவிட்டதாக டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் "நான் குடிச்சதே இல்லண்ணே" என்று அவன் முதல் தடவை சொன்ன அந்தச் சாயந்தரத்தில் நான் அவனை நம்பியிருந்தால், என் வயிற்றைக் கிழித்துப் பாதிக் கல்லீரலைக் கொடுக்க வேண்டியதே இல்லை, அவன் கொடுத்த அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டிருந்தாலே போதும்.