ஒரே கிரைண்டர், ஊர் முழுக்க

இன்னும் பத்து வருஷத்தில் யார் வீட்டில் எத்தனை ஸ்விட்ச் தட்டுவார்கள் என்று இன்றைக்கே சொல்வதுதான் மின்சாரத் திட்டப் பிரிவில் எங்கள் பிழைப்பு. ஜோசியருக்காவது தட்சிணை உண்டு, எங்களுக்குத் திட்டு மட்டும்தான். எதிர்காலத்துக்குக் கணக்குப் போட்டே தலைமுடி கொட்டியவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

ஒத்த பல்பு

நெல்லிவாசல்நாட்டில் ஒரு மலையூர். பெண்கள் குழு சாமை குத்தும் மிஷின் வாங்கி, வோல்டேஜ் போதாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது. மூட்டையை ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூர் போய்த்தான் குத்தி வரவேண்டும். மின்சாரத் தேவை கூடும் என்று நான் கணக்குக் காட்டினால்தான் பெரிய டிரான்ஸ்பார்மர் வரும்.

வீடு வீடாகப் போய் என்னென்ன இருக்கிறது என்று விசாரித்தேன். பில்லை ஏற்ற வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். குழுத் தலைவி மல்லிகா வீட்டுக்குள் மிக்சி கர்ரென்று ஓடுகிறது. வாசலை மறித்து நின்றுகொண்டு சொல்கிறார்: "எங்க வூட்ல ஒரே ஒரு பல்புதாங்க மேடம்."

ஏசி அறையில்

வீட்டுக்கு ஒரே பல்பு என்ற அந்தக் கணக்கோடு அதிகாரி முன்னால் நின்றேன். கோப்பை மூடவே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிக்சி, ஃபேன் எல்லாம் இருக்கும், இன்னொரு தடவை போய்வருகிறேன் என்று மன்றாடி அனுமதி வாங்கினேன். ஏசியைக் கூட்டி வைத்தபடி அவர் கேட்டார்: "குளிர்ற மலைக்கு ஃபேன் எதுக்கும்மா?"

கிரைண்டர் ஊர்வலம்

ஜமுனாமரத்தூர் சந்தையில் மல்லிகாவைப் பிடித்து, இது பில்லுக்கு இல்லை, இன்னும் பத்து வருஷத்துத் தேவைக்கான கணக்கு, உங்கள் மிஷின் ஓடத்தான் என்று விளக்கினேன். மறுபடி ஊருக்குப் போனால் எல்லா வீட்டிலும் கிரைண்டர்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாலாவது வீட்டில்தான் கவனித்தேன். மூடி உடைந்த அதே கிரைண்டர். நான் முன்வாசலில் பேசும்போதே பின்வாசல் வழியாக இரண்டு பேர் அதை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சிரித்து மாளவில்லை. இப்படி எழுதினால் என் வேலை போய்விடும் என்றேன். மல்லிகா அசரவே இல்லை: "பத்து வருசத்துக்குத்தானே கேட்டீங்க? அதுக்குள்ள எல்லா வூட்லயும் வாங்கிட மாட்டோமா?"

ஓடிச்சு!

அதுவும் நியாயம்தானே! இருப்பது தனி, வாங்கப்போவது தனி என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். அதிகாரி முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டிரான்ஸ்பார்மர் மலையேறியது.

அன்று காலையில் மிஷின் ஓடி முதல் சாமை அரிசி கொட்டியபோது குழுவில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மல்லிகா ஒரு படி அரிசியை என் பையில் கொட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லா ஓடுதுங்க மேடம். இன்னும் ரெண்டு மிஷினுக்குச் சொல்லிட்டோம், இந்த டிரான்ஸ்பார்மர் பத்தாதுங்க."

பத்து வருஷம் தாங்கும் என்று நான் எழுதிக் கொடுத்தது மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தாண்டவில்லை என்பதை எங்கள் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.