கேட்டுக்குள் வாய் திறக்காதவர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலம். மும்பை செம்பூரில் இருக்கும் நாங்கள் சிலர், சீத்தா கேம்ப் தாண்டியுள்ள ஒரு நாய்கள் காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் போய் வேலை செய்துகொண்டிருந்தோம். தெருவில் அடிபட்டவை, வீட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை என்று எல்லா நாய்களும் தகரக் கூரைக்கு அடியில் வெறும் தரையில்தான் கிடக்கும். மழை பிடித்துவிட்டால் அந்தத் தரை காயவே காயாது. நாய்களுக்கு வயிறெல்லாம் புண்.

படுக்கைக்கு ஏதாவது வழி உண்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். தாராவியில் பழைய பிளாஸ்டிக் டிரம் வியாபாரம் செய்யும் தமிழர் ஒருவர், டெம்போ நிறைய நீல டிரம்களோடு வந்து இறங்கினார். டிரம்மை நீளவாக்கில் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே சாக்கை விரித்தால் தொட்டில் மாதிரி படுக்கை தயார். காசு வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அங்கேயே முதல் சந்தேகம். இந்த ஊரில் யார் எதைச் சும்மா கொடுக்கிறார்கள்?

ஞாயிறுதோறும் அவரே வந்து அறுத்துக் கொடுத்தார், நானும் ஆளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சாலையில் டெம்போ டிரைவரோடு திருநெல்வேலித் தமிழில் சத்தமாகப் பேசிச் சிரிப்பார். கேட்டுக்குள் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார். எல்லாம் ஜாடைதான். உள்ளே வருமுன் கை, கால், கழுத்தெல்லாம் பினாயில் தண்ணீரால் கழுவிக்கொள்வார், சட்டையிலும் தெளித்துக்கொள்வார். வாசல் பக்கமே உட்கார்ந்து அறுப்பார். கண் மட்டும் அடிக்கடி கடைசிக் கூண்டுப் பக்கம் போகும்.

அங்கே இருந்தது ஒரு பழுப்பு நிற லாப்ரடார் கலப்பு. யாரோ விடியற்காலையில் கேட்டில் கட்டிவிட்டுப் போனது. சுவரைப் பார்த்தபடியே கிடக்கும், வைத்த சோறு பாதி அப்படியே இருக்கும். பிரவுனி என்று நாங்கள் வைத்த பெயருக்குத் திரும்பியும் பார்க்காது. "எந்தப் பாவி இப்படிக் கட்டிட்டுப் போனானோ, அவன் விளங்குவானா?" என்று இந்த டிரம்காரர் காதுபடவே நான் திட்டியிருக்கிறேன். ஒருவழியாக அதற்கு டோம்பிவிலியில் ஒரு குடும்பம் கிடைத்து, அடுத்த ஞாயிறு கூட்டிப்போக வருவதாக இருந்தார்கள். இந்த நேரம் பார்த்தா இவர் நோட்டம் விட வேண்டும்? உதவி செய்கிறேன் என்று வந்து, நல்ல ஜாதி நாயாகப் பார்த்துத் தூக்கிப் போய் விற்றுவிடுகிறவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன்.

அன்று மதியம் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், மனிதர் தகரத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிரவுனியை போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம்.

"அரே, யாருக்கு அனுப்பறதுக்கு இந்த போட்டோ? ரேட் பேசியாச்சா?"

அவர் வாயில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுங்க, இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்!"

"சத்தம் போடாதியக்கா," என்றார் தணிந்த குரலில். "எம் பேச்சு அதுக்குக் கேட்டுரும்."

கேட்டுவிட்டது. சுவரைப் பார்த்துக் கிடந்த நாய் துள்ளி எழுந்து, தகரத்தை முன்னங்கால்களால் பிராண்டி ஓலமிட்டது. அதனிடமிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை வந்ததே இல்லை. அவர் வெளியே ஓடிப்போய் டெம்போ ஓரமாகக் குந்திவிட்டார்.

பின்னாலேயே போய்க் கேட்டபோதுதான் சொன்னார். நான் திட்டிய அந்தப் பாவி அவர்தான். குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம். அதுவரை இருக்கப் பிடித்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்றுவிட்டார்களாம். எங்கெங்கோ கேட்டும் வேறு வீடு அமையவில்லை. பினாயில், தன் வாசம் நாய்க்குத் தெரியாமலிருக்க. போட்டோ, வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட.

"நான் வருவேன்னு நெனப்பு வந்துட்டா, அது வேற யாருட்டயும் போவாதுக்கா. ஈரத்துல படுக்காம இருந்தாப் போதும்னுதான் வந்தேன்."

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை. பிள்ளைகளோடு அந்த நாய் படுத்திருக்கும் பழைய படங்களை அவர் போனில் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு டோம்பிவிலிக்காரர்கள் காரோடு வந்தார்கள். நாய் ஏற மறுத்தது. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு உறுமியது. அந்த அம்மாள் பயந்துபோய், "ரெஹ்னே தோ, விட்டுடுங்க, இது எங்களுக்கு வேணாம்" என்று கார் கதவைச் சாத்தப் போனார். இதையும் விட்டால் அதற்கு இனி வீடு ஏது? சாலையில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரம்காரரை நானே கையசைத்துக் கூப்பிட்டேன். பினாயில் இல்லாமல் முதல் தடவையாக உள்ளே வந்தார்.

நாய் அவர் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது. அவர் அதன் காதுகளைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். பிறகு, "ஏறுலே பாண்டி. சொன்னா கேளு, ஏறு" என்றார்.

ஏறிவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது. அவரும் கூட வருவார், வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ, உள்ளே நகர்ந்து அவருக்கு இடம்கூட விட்டது. கார் போன பிறகு எனக்கு அழுகை அடங்கவில்லை. அவர் அழவில்லை, மிச்சமிருந்த டிரம்மை அறுக்கப் போய்விட்டார்.

சந்தேகப்படும் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தால், அது திருட்டாகத்தான் இருக்கும் என்று இப்போதெல்லாம் சட்டென்று நினைக்க முடிவதில்லை.