பயத்துக்குப் போட்ட குளிசை

1. சுத்தமான பதிவு

“நோர்மல். ஒரு ஸ்பைக்கும் இல்ல. இவங்க நம்ம ஆராய்ச்சிக்குச் சரிவர மாட்டாங்க,” என்றார் எங்கள் நரம்பு டொக்டர். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பரமேஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது.

அவர் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். செங்குத்தான மலையில் இரண்டு தடவை விழுந்து, கைகால் இழுத்து, நாக்கைக் கடித்திருக்கிறார். கங்காணி நம்பவில்லை. “வேலைக்கள்ளி, நடிக்கிறா” என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இது வலிப்புத்தான் என்று டொக்டர் கடிதம் கொடுத்தால் சமதரை வேலைக்கு மாற்றுவார்கள். இல்லாவிட்டால் மறுநாளே அதே மலை. மூன்றாம் தடவை எங்கே போய் உருளுவாரோ.

நான் பதுளையில் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன். தலையில் வயர் ஒட்டி, மூளையில் ஓடும் மின் அலையைப் பதிவெடுப்பது என் வேலை. வலிப்பு உள்ளவர்களுக்கு நடுநடுவே கூர்மையாக ஒரு கோடு எழும்பும். அதுதான் ஸ்பைக். தூக்க மருந்து அந்த ஸ்பைக்கை எவ்வளவு அமுக்குகிறது என்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி. மருந்தில்லாமல் ஒரு பதிவு, மருந்து கொடுத்து ஒரு பதிவு, பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஆகவே முதல் பதிவுக்கு வருகிறவர்கள் தூக்க மருந்து எதுவும் போட்டிருக்கக் கூடாது. படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருந்தது. நான்தான் கேட்டேன். “இல்லை” என்று எழுதியதும் நான்தான்.

2. வேகமான அலை

பதிவை மூடப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. நெற்றிப் பக்கத்துச் சேனல்களில் பொடிப்பொடியாக, நெருக்கமாக, வேகமான அலை. பீட்டா! டயசெபாம் வகைத் தூக்க மாத்திரை போட்டவர்களிடம் இது நிறையவே இருக்கும். இத்தனை வருட சர்வீஸில் இதைக் கவனிக்காமல் விட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

வெளியே ஓடினேன். நல்லவேளை, அவர் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சி, தூக்க மாத்திரை போட்டீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க!” கொஞ்சம் கத்தியேவிட்டேன். என் வாய் அப்படி.

“சத்தியமா இல்லைங்க மிஸ். தூங்குறதுக்கு நா ஒண்ணும் போடலைங்க.”

“வேற எதுக்காவது?”

“பயத்துக்குத்தாங்க போட்டேன். தலைக்குக் கரண்டு வைப்பாங்கன்னு லயத்து வீடுகள்ல சொன்னாங்க. எப்பவும் ஒண்ணு போடுவேன். இன்னைக்கி ரெண்டு போட்டுக்கிட்டு வந்தேங்க.”

பையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து நீட்டினார். முதல் தடவை விழுந்தபோது ஏதோ ஒரு டிஸ்பென்சரியில் கொடுத்ததாம், அன்றிலிருந்து விடாமல் போடுகிறாராம். உள்ளே பார்த்தேன். டயசெபாமேதான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாவம், அந்தப் பெண் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் கேட்டது தூக்க மாத்திரையை. அவர் போட்டது பயத்துக் குளிசையை. இரண்டும் ஒன்று என்று அவருக்கு யார் சொன்னது?

டொக்டரிடம் கவரைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “அடக் கடவுளே, இதைத்தானே நாம ஆராய்ச்சி பண்றோம்! அதையே பார்க்காம விட்டுட்டமே.”

“நிப்பாட்டச் சொல்லிட்டு நாளைக்கே திரும்ப எடுப்போமா சேர்?”

“ஐயோ, வேணாம். டக்குனு நிப்பாட்டினா அதுவே வலிப்பை இழுத்து விட்டுடும். வார்ட்ல வச்சுக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைப்போம்.”

3. இரண்டாவது பதிவு

சில வாரம் கழித்து மறுபடியும் வயர் ஒட்டினேன். “கரண்டு வைக்கிறது இல்ல தங்கச்சி, உங்க தலையில இருக்கிற கரண்டைத்தான் பார்க்கிறோம்” என்று இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இடது பக்க நெற்றிப்பொட்டுச் சேனலில் ஒரு ஸ்பைக். அப்புறம் இன்னொன்று. “வந்துருச்சு!” என்று என்னை அறியாமலே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தருக்கு நோய் இருக்கிறதென்று யாராவது சந்தோஷப்படுவார்களா?

இப்போது நான் யாரிடமும் “தூக்க மாத்திரை போட்டீங்களா” என்று கேட்பதில்லை. “இன்னைக்கு வாயில என்னென்ன போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க, பையைக் காட்டுங்க” என்றுதான் கேட்பேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். படிவத்தில் இருக்கிற சொல் நம்முடைய சொல். வருகிறவர் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்.

டொக்டர் வலிப்புக்கு உரிய மருந்தை எழுதி, சமதரை வேலைக்குக் கடிதமும் கொடுத்தார். பதிவின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துத் தரும்படி பரமேஸ்வரி கேட்டார். டொக்டரிடம் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“மிஸ், நா நடிக்கலைன்னு சொல்ற கோடு இதுல எதுங்க?”

விரல் வைத்துக் காட்டினேன். என் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நல்லாப் பெருசா வட்டம் போடுங்க. பெரட்டுல எல்லாரும் பார்க்கணும்.”