இடியோபதிக்

தம்பிக்கு முதன்முதலாக வலிப்பு வந்ததிலிருந்து அப்பா அம்மாவோடு கதைக்கவில்லை. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவன் கட்டிலிலிருந்து விழுந்திருந்தான். அன்று பக்கத்தில் இருந்தது அம்மா. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அதனால்தான் வலிப்பு என்று எங்கள் ஊர் குருநகரில் யாருக்கும் சொல்லாமல் விடவில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே தந்த அட்டை முழுக்க ஆங்கிலம். டொக்டர் அவசரமாகச் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட ஆங்கிலப் போட்டியில் பரிசு எடுத்திருந்ததால் அட்டையை என் கையில் தந்தார்கள்.

வலிப்புக்கான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு முன்னால் நின்ற சொல்தான் பிடிபடவில்லை. இடியோபதிக். அப்பா தன் போனை நீட்டினார். எழுத்துக் கூட்டி அடித்தேன். முதலில் வந்தது அந்தச் சொல் பிறந்த கதை.

"கிரேக்கச் சொல்லாம். முதல் பாதிக்குச் சொந்தம் எண்டு கருத்து. மற்றப் பாதி வருத்தம், நோய்."

"சொந்தத்தாலை வந்த வருத்தம்!" மாமி எழும்பிவிட்டாள். "நான் அப்பவே சொன்னனான். உவளின்ரை தாய் வழியிலை ஆருக்கோ இருந்திருக்கு."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து நாட்களுக்குப் பிறகு பார்த்த முதல் பார்வை; அது நல்ல பார்வை இல்லை. அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டாள். அவன் சிணுங்கினான்.

நான் சொன்னது உறவு என்ற அந்தச் சொந்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சரியாகச் சொல்லத் தமிழ் வரவில்லை. திரையைக் கீழே தள்ளினேன்.

"இல்லை மாமி, இன்னும் கிடக்கு. தானாய் வந்த வருத்தம். ஏன் வந்தது எண்டு டொக்டர்மாருக்கே தெரியாட்டில் இப்படித்தான் எழுதுவினமாம்."

"விழுந்ததாலை எண்டு போடேல்லையோ?" அப்பா கேட்டார்.

"இல்லை அப்பா. காரணம் தெரியாது எண்டுதான் கிடக்கு."

"திருப்பி வாசி பிள்ளை," என்றாள் அம்மா.

மூன்று தரம் வாசித்தேன். மாமி செருப்பைத் தேடினாள். அப்பா வந்து தம்பியை அம்மாவின் கையிலிருந்து மெல்ல வாங்கினார். கை வெறுமையானதும் அம்மா நிலத்தில் உட்கார்ந்து, விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.

நான் பயந்துபோனேன். "அழாதேங்கோ அம்மா. கொழும்பிலை பெரிய டொக்டர்மார் இருக்கினம். அவை காரணத்தைக் கண்டுபிடிப்பினம்."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம் பிள்ளை. காரணம் தெரியாது எண்டதே எனக்குக் காணும்."

பெற்ற பிள்ளைக்கு ஏன் வருத்தம் வந்தது என்று அறிய விரும்பாத தாயும் இருப்பாளா என்று, அன்று எனக்கு அம்மாமீது கோபம்கூட வந்தது.